வீட்டில் ஏற்கெனவே இருக்கிற போர்ட்ஃபோலியோ

பங்கு வாங்க வேண்டும், மியூச்சுவல் ஃபண்டில் பணம் போட வேண்டும், எது நல்லது சொல்லுங்கள் என்று யாராவது கேட்டால், "உங்க வீட்டுக்குச் சம்பளம் எங்கேயிருந்து வருது, நிலம் எந்த ஊர்ல இருக்கு?" என்று நான் திருப்பிக் கேட்பேன். கேட்டவர்கள் கொஞ்சம் விழிப்பார்கள். எந்தப் பங்கு ஏறும் என்று தெரிந்துகொள்ள வந்தவரிடம் நிலத்தைப் பற்றி விசாரித்தால் அப்படித்தான் இருக்கும். ஆனால் கடலூர் மாவட்டத்தில் வாழ்கிறவர்களுக்கு முதலீட்டில் இதைவிட முக்கியமான கேள்வி வேறு இல்லை என்பது என் உறுதியான எண்ணம். அதைக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும் என்று நீண்ட நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் பண்ருட்டியில் ஒரு முந்திரி வியாபார நிறுவனத்தில் கணக்குப் பார்க்கிறேன். வீடு திருப்பாதிரிப்புலியூரில். பங்குச் சந்தையைக் கண்காணிக்கிற அமைப்பான செபியில் பதிவு பெற்ற ஆலோசகன் இல்லை. அதனால் இதில் வருகிற எந்த நிறுவனத்தின் பெயரையும் வாங்கலாம், விற்கலாம் என்ற அர்த்தத்தில் யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பேரேட்டையும் பேலன்ஸ் ஷீட்டையும் தினமும் பார்க்கிற ஒருவன் தன் சேமிப்பையும் சொந்தக்காரர்களின் சேமிப்பையும் எப்படி யோசிக்கிறான் என்பதுதான் இந்தக் கட்டுரை.

2011 டிசம்பர் 30 அதிகாலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரையைக் கடந்தது. பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி பக்கம் முந்திரித் தோப்புகளும் பலாத் தோப்புகளும் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் விழுந்து பல கிராமங்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. இந்தப் பக்கத்து ஆட்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கணக்குப் பார்க்கிறவனாக எனக்கு அதில் தெரிந்தது வேறொன்று. எங்கள் பக்கத்துக் குடும்பம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு காணி முந்திரித் தோப்பு. அதே ஊரில் வீடு. மகனுக்கு முந்திரி உடைக்கிற கம்பெனியில் வேலை. கொஞ்சம் பணம் பக்கத்துத் தோப்புக்காரரிடம் கைமாற்றாக இருக்கிறது. கொஞ்சம் ஊர்ச் சீட்டில் இருக்கிறது. எழுதி வைத்தால் ஐந்து தனித்தனி வரிகள். அந்தக் காலையில் தோப்பு விழுந்தது, வீட்டுக்கூரை போனது, கரண்ட் இல்லாமல் கம்பெனி நின்றது, கைமாற்று வாங்கியவரும் தோப்பை இழந்து நின்றார், சீட்டுக் கட்ட யாரிடமும் பணம் இல்லை. ஐந்து வரிகளுக்கும் அடியில் இருந்த ஆபத்து ஒன்றேதான். வெட்டி எடுத்த மரத்துக்குப் பதில் கன்று வைத்தாலும் முந்திரி காய்த்து வரச் சில வருடங்கள் ஆகும். பலாவுக்கு அதைவிடவும் நாளாகும். அந்த வருடங்களில் வீட்டைத் தாங்க ஊருக்கு வெளியே ஏதாவது இருந்திருக்க வேண்டும்.

2004 சுனாமி, 2015 மழை வெள்ளம், 2024-ல் ஃபெஞ்சல் புயலும் அதைத் தொடர்ந்து தென்பெண்ணையில் வந்த வெள்ளமும் இதே கரையில்தான் வந்தன. இப்படிப்பட்ட இடத்தில் வாழ்கிறவர் பங்கையும் ஃபண்டையும் தேர்ந்தெடுக்கும்போது, ஏற்கெனவே வீட்டில் இருக்கிற சொத்து எதை நம்பி நிற்கிறது என்று முதலில் எழுதிப் பார்க்க வேண்டும். சம்பளம், வீடு, நிலம், நகை, சீட்டு எல்லாமே அவருடைய போர்ட்ஃபோலியோவில், அதாவது மொத்தச் சொத்துத் தொகுப்பில், அடக்கம். பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கிற டிமேட் கணக்கு அதில் கடைசியாகச் சேர்கிற ஒரு பகுதி. ஆன்லைனில் கணக்குத் திறக்கும்போது வயது கேட்கிறார்கள், வருமானம் கேட்கிறார்கள், எவ்வளவு நஷ்டம் தாங்குவீர்கள் என்றும் கேட்கிறார்கள். சம்பளம் எந்தத் தொழிலிலிருந்து வருகிறது, அந்தத் தொழிலின் பங்கையே வாங்கப் போகிறீர்களா என்று யாரும் கேட்பதில்லை.

என் மாமா நெய்வேலியில், பழுப்பு நிலக்கரி வெட்டி மின்சாரம் எடுக்கிற மத்திய அரசு நிறுவனமான என்.எல்.சி.யில் வேலை பார்க்கிறார், ஓய்வு பெறச் சில வருடங்கள்தான் இருக்கின்றன. வடலூரில் மனை வாங்கிப் போட்டிருக்கிறார். அவருடைய டிமேட் கணக்கைத் திறந்து பார்த்தபோது முக்கால்வாசி என்.எல்.சி. இந்தியா பங்குதான்.

"மாமா, சம்பளமும் அங்கேயிருந்துதான், மனையும் பக்கத்துலதான், பங்கும் அதே கம்பெனியா?"

"நம்ம கம்பெனிடா. கவர்மெண்ட் பின்னால இருக்கு. பேர் தெரியாத கம்பெனில போடறதுக்கு இது எவ்வளவோ மேல்."

அந்த 'நம்ம கம்பெனி'க்கு வரலாறு இருக்கிறது. 1956-ல் தொடங்கிய நிறுவனம் அது. ஒரு நகரமே அதைச் சுற்றி வளர்ந்தது. 2013-ல் பொதுமக்களிடம் குறைந்தது 10 சதவீதப் பங்காவது இருக்க வேண்டும் என்ற செபியின் விதிக்காக மத்திய அரசு கொஞ்சம் பங்கை விற்க வந்தது. தனியாருக்குப் போகக்கூடாது என்று தொழிலாளர்கள் போராடினார்கள். கடைசியில் சிப்காட், டிட்கோ உள்ளிட்ட தமிழக அரசின் ஐந்து நிறுவனங்கள் 3.56 சதவீதத்தை வாங்கிக்கொண்டன. ஒரு பங்கு விற்பனைக்காக ஊரே கொதித்தது அபூர்வம். மாமாவின் பாசத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். அந்தப் பங்கு மோசமானது என்றும் சொல்லவில்லை. பொதுத்துறைப் பங்குகள் நன்றாக ஏறிய காலமும் உண்டு, அதில் மாமாவுக்கு நல்ல லாபமும் கிடைத்தது.

என் கவலை வேறு. அந்த நிறுவனத்தின் மின்சாரத்துக்கு என்ன விலை என்பதை மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் முடிவு செய்கிறது. பெரும்பான்மைப் பங்கு மத்திய அரசிடம் இருப்பதால், அரசு எப்போது எவ்வளவு விற்கும் என்பதும் விலையைப் பாதிக்கும். 2024 மார்ச்சிலும் அப்படி ஒரு விற்பனை வந்தது. சுரங்கத்துக்கு நிலம் கிடைப்பது இன்னொரு பிரச்சினை. 2023 ஜூலையில் வளையமாதேவியில் பயிர் நின்ற வயலில் கால்வாய் வெட்டப் போனபோது எழுந்த போராட்டம் எல்லோருக்கும் நினைவிருக்கும். இவற்றில் ஏதாவது ஒன்று நிறுவனத்துக்கு எதிராகத் திரும்பினால் பங்கு விலை குறையும், நெய்வேலியைச் சுற்றி மனை விலை தேங்கும், வேலை வாய்ப்பும் சுருங்கும். மூன்றும் ஒரே சமயத்தில் நடக்கும். ஒரே வீட்டின் மூன்று தூண்களையும் ஒரே கை பிடித்திருக்க வேண்டாம் என்றுதான் மாமாவிடம் சொன்னேன்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் விற்கச் சொல்லவில்லை. ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்த பங்கை விற்றால் வருகிற லாபத்தில் ஒரு நிதியாண்டுக்கு 1.25 லட்சம் ரூபாய் வரை வரி இல்லை, அதற்கு மேல் 12.5 சதவீதம். 2024 ஜூலை 23-லிருந்து இதுதான் விகிதம். ஆகவே ஒவ்வொரு நிதியாண்டிலும் அந்த வரம்புக்குள் லாபம் வருகிற அளவுக்குக் கொஞ்சம் விற்று, அந்தப் பணத்தை, சந்தைக் குறியீட்டில் இருக்கிற பங்குகளையெல்லாம் அதே விகிதத்தில் வாங்குகிற இண்டெக்ஸ் ஃபண்டுக்கு மாற்றலாம். புதிதாகப் போடுகிற பணம் ஒரு ரூபாய்கூட அந்தப் பங்குக்குப் போக வேண்டாம். மாமா முதலில் முகம் சுளித்தார். அத்தை இடையில் புகுந்து, "அவன் எல்லாத்தையும் விக்கச் சொல்லலை, சேர்க்க வேணாம்னுதான் சொல்றான்" என்றார். இப்போது வருடா வருடம் கொஞ்சம் மாற்றிக்கொண்டு வருகிறார்.

பக்கத்தில் இருப்பதால் தெரியும் என்ற நம்பிக்கை இங்கே இன்னொரு விதத்திலும் வரும். குடிகாடு சிப்காட்டில் வேலை பார்க்கிறவர்கள், அங்கே லாரி ஓட்டுகிறவர்கள், "மூணு ஷிஃப்டும் ஓடுது, லாரி நிக்க இடமில்ல, அந்தக் கம்பெனி பங்கை வாங்கிப் போடு" என்பார்கள். லாரி நிற்பது உண்மையாகவே இருக்கும். ஆனால் சரக்கு போவதும் பணம் வருவதும் வேறு வேறு சங்கதி. இதை என் தொழிலில் தினமும் பார்க்கிறேன். வெளியூர் வியாபாரி ஒருவர் எங்களிடம் போன வருடத்தைவிட இரண்டு மடங்கு பருப்பு எடுக்கிறார் என்றால் முதலாளிக்கு முதலில் சந்தோஷம் வராது, சந்தேகம்தான் வரும். பணம் எத்தனை நாளில் வருகிறது என்று என்னைப் பார்க்கச் சொல்வார். முப்பது நாளில் தந்தவர் தொண்ணூறு நாள் இழுக்கிறார் என்றால் அந்த விற்பனையை விற்பனையாகவே நாங்கள் மனதில் எடுத்துக்கொள்வதில்லை.

பங்குச் சந்தையில் இருக்கிற நிறுவனத்தையும் அதே கண்ணால்தான் பார்க்கிறேன். என்.எஸ்.இ., பி.எஸ்.இ. தளங்களில் எல்லா நிறுவனங்களின் ஆண்டறிக்கையும் இலவசமாகக் கிடைக்கும். படமும் தலைவரின் கடிதமும் இருக்கிற முன்பக்கங்களைத் தள்ளிவிட்டு நேராகப் பின்பக்கம் போய்விடுவேன். விற்பனை எவ்வளவு ஏறியிருக்கிறது, வரவேண்டிய பாக்கி எவ்வளவு ஏறியிருக்கிறது என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுவேன். விற்பனை இருபது சதவீதம் கூடி, பாக்கி அறுபது சதவீதம் கூடியிருந்தால் அங்கேயே மூடிவிடலாம். அப்புறம் ஐந்து வருட நிகர லாபத்தைக் கூட்டி, அதே ஐந்து வருடத்தில் தொழிலிலிருந்து கைக்கு வந்த ரொக்கத்தைக் கூட்டிப் பார்ப்பேன். கேஷ் ஃப்ளோ அறிக்கையில் முதல் பகுதியிலேயே அது இருக்கும். ஒரு வருடம் குறைந்தால் காரணம் இருக்கலாம். பெரிய ஆர்டருக்காகச் சரக்கு வாங்கி வைத்திருப்பார்கள். ஐந்து வருடம் சேர்த்தும் லாபத்தில் பாதிகூட ரொக்கமாக வரவில்லை என்றால் அந்த லாபம் எனக்குப் புரியாத லாபம்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை பங்குதாரர் விவரம் வெளியாகும். நிறுவனத்தைக் கையில் வைத்திருக்கிற முதலாளிகளான ப்ரமோட்டர்கள் தங்கள் பங்கில் எவ்வளவை அடகு வைத்திருக்கிறார்கள் என்பது அதிலேயே இருக்கும். அடகு கூடிக்கொண்டே போனால் நான் ஒதுங்கிவிடுவேன். விலை சரிந்தால் கடன் கொடுத்தவர் அடகுப் பங்கை விற்பார், விலை இன்னும் சரியும். பிறகு, குறிப்புகள் பகுதியில் 'தொடர்புடையவர்களுடன் நடந்த பரிவர்த்தனை' என்று ஒரு பட்டியல் வரும். நிறுவனத்தின் பணம் ப்ரமோட்டரின் வேறு கம்பெனிக்குக் கடனாகப் போயிருந்தால் அதில் தெரியும். ஆடிட்டர் காலம் முடியும் முன்னே விலகியிருக்கிறாரா என்றும் பார்க்க வேண்டும். இதற்கெல்லாம் பி.காம். தேவையில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும். டி.வி.யில் சொன்ன விலை இலக்கை எழுதி வைத்துக்கொள்வதைவிட இந்த மதியம் பல மடங்கு உபயோகமானது.

இவ்வளவு பார்த்தாலும் ஒரு நிறுவனம் நம்மை ஏமாற்ற முடியும். சத்யம் கம்ப்யூட்டர்ஸ், ஐம்பது பெரிய நிறுவனங்களின் குறியீடான நிஃப்டி 50-ல் இருந்த நிறுவனம். 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய கடிதத்தில், கணக்கில் காட்டிய ரொக்கத்திலும் வங்கி இருப்பிலும் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்று ஒப்புக்கொண்டார். உலகறிந்த ஆடிட் நிறுவனம் கையெழுத்துப் போட்ட கணக்கு அது. அன்று ஒரே நாளில் பங்கு முக்கால்வாசிக்கு மேல் விழுந்தது. சத்யத்தை மட்டும் வைத்திருந்தவர் என்ன ஆனார் என்று யோசித்துப் பாருங்கள். நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டு வைத்திருந்தவருக்கோ சத்யம் ஐம்பதில் ஒரு சிறு பகுதி. சில நாட்களில் அதை நீக்கி வேறொன்றைச் சேர்த்தார்கள்.

வங்கிப் பங்கு விஷயத்தில் என் கண்ணை நானே நம்புவதில்லை. மேலே சொன்ன ரொக்கக் கணக்கு வங்கிக்கும் நிதி நிறுவனத்துக்கும் பொருந்தாது. கொடுத்த கடன் திரும்பி வருமா என்பதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. யெஸ் பேங்க்கும் நிஃப்டியில் இருந்ததுதான். 2020 மார்ச் 5 அன்று ரிசர்வ் வங்கி அதைக் கட்டுப்பாட்டில் கொண்டுவந்து, கணக்கு வைத்திருந்தவர்கள் 50,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்றது. நூறு பங்குக்கு மேல் வைத்திருந்தவர்களின் பங்கில் 75 சதவீதம் மூன்று வருடத்துக்குப் பூட்டப்பட்டது. அதனால் வங்கிகளை இண்டெக்ஸ் வழியாக மட்டுமே வைத்துக்கொள்கிறேன். நேரடியாக வாங்குகிற வேறு எந்தப் பங்கும் மொத்தப் பங்கு முதலீட்டில் ஐந்து சதவீதத்தைத் தாண்ட விடுவதில்லை.

ஃபண்டுக்கு வருகிறேன். இதில் குழப்பமே தேவையில்லாத அளவுக்கு செபி 2017 அக்டோபரில் ஒரு ஒழுங்கு கொண்டுவந்தது. சந்தை மதிப்பில் முதல் நூறு நிறுவனங்கள் லார்ஜ் கேப், 101 முதல் 250 வரை மிட் கேப், 251-லிருந்து ஸ்மால் கேப். லார்ஜ் கேப் ஃபண்டு என்று பெயர் வைத்தால் 80 சதவீதமாவது முதல் நூறில்தான் போட வேண்டும். நூறு நிறுவனங்களுக்குள் எல்லா ஃபண்டு மேனேஜர்களும் தேடினால் எல்லார் பையிலும் ஏறக்குறைய அதே பெயர்கள்தான் இருக்கும். மூன்று லார்ஜ் கேப் ஃபண்டு வைத்திருக்கிறேன், பரவலாகப் போட்டிருக்கிறேன் என்று சொல்கிறவர்களிடம் மூன்றின் முதல் பத்து பங்குகளையும் எழுதிப் பார்க்கச் சொல்வேன். எழுதிப் பார்த்த பிறகு பெரும்பாலும் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்வார்கள்.

சித்தப்பா மகள் மஞ்சக்குப்பத்தில் ஒரு வங்கியில் வேலை பார்க்கிறாள். அவளிடம் ஊழியர்களுக்குச் சலுகை விலையில் கிடைத்த அந்த வங்கியின் பங்கு இருந்தது, ஒரு பேங்கிங் ஃபண்டு இருந்தது, நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டும் இருந்தது. நிஃப்டி 50-ல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வங்கியும் நிதித்துறையும்தான் என்பது பலருக்குத் தெரியாது. அவளுடைய சம்பளம், பி.எஃப்., பங்கு, ஃபண்டு, இண்டெக்ஸில் பெரும்பகுதி எல்லாம் வட்டி விகிதத்தையும் வாராக்கடனையும் நம்பி இருந்தன. பேங்கிங் ஃபண்டு அவளுக்குத் தேவையே இல்லை, அதை எடுத்துவிட்டாள். நிஃப்டியைக் குறைத்து, பெரியது, சிறியது என்று எல்லா அளவு நிறுவனங்களிலும் போடுகிற ஃப்ளெக்ஸி கேப் ஃபண்டுகளில், நிதித்துறை குறைவாக இருக்கிற ஒன்றைச் சேர்த்தாள். அதே நிஃப்டி ஃபண்டு ஒரு பள்ளி ஆசிரியருக்கு எந்த மாற்றமும் இல்லாமல் சரியாக இருக்கும். எது சிறந்த ஃபண்டு என்று ஊருக்கெல்லாம் ஒரே பதில் கிடையாது என்று நான் சொல்வது இதனால்தான்.

என் கதை இன்னொரு மாதிரி. பண்ருட்டியில் உடைக்கிற முந்திரிக்கொட்டையில் கணிசமான பங்கு ஆப்பிரிக்காவிலிருந்து வருகிறது. கொட்டைக்கு டாலரில் பணம் கட்ட வேண்டும். டாலர் ஏறினால் எங்கள் கொள்முதல் செலவு ஏறும். பருப்பு விலையை அதே வேகத்தில் ஏற்ற முடியாது. அந்த மாதம் முதலாளி முகம் இறுகியிருக்கும், போனஸ் பேச்சு வராது. ஐ.டி. நிறுவனங்களுக்கும் மருந்து ஏற்றுமதி செய்கிறவர்களுக்கும் டாலரில்தான் வருமானம், அதனால் டாலர் ஏறினால் அவர்களுக்குச் சாதகம். ஆகவே எனக்கு வேலை தருகிற தொழிலுக்கு எது கெட்டதோ, அது நல்லதாக முடிகிற பங்கு என் கையில் கொஞ்சம் இருக்க வேண்டும். ஐ.டி. பங்கு இந்த வருடம் ஏறுமா என்று நான் கணிக்கவில்லை. டாலர் ஏறுகிற காலத்தில் என் வீடு ஆட்டம் காணக் கூடாது, அவ்வளவுதான். வெளிநாட்டுப் பங்கில் போடுகிற ஃபண்டுகளும் இதற்கு உதவும். ஆனால் எல்லா ஃபண்டு நிறுவனங்களும் சேர்ந்து 700 கோடி டாலர் வரைதான் வெளியே போடலாம் என்ற வரம்பு 2022 தொடக்கத்தில் எட்டப்பட்டதிலிருந்து அவற்றில் பல அவ்வப்போது புதுப் பணத்தை நிறுத்திவிடுகின்றன. ஆக, அதை நம்பித் திட்டம் போட முடியாது.

செலவைப் பற்றி ஒரு கணக்கு. 2013 ஜனவரியிலிருந்து எல்லா மியூச்சுவல் ஃபண்டிலும் டைரக்ட் பிளான் இருக்கிறது. இடைத்தரகருக்குக் கமிஷன் இல்லாததால் வருடச் செலவு குறையும். அரை சதவீதம், ஒரு சதவீதம் என்று கேட்கச் சிறியதாகத் தெரியும். மாதம் 5,000 ரூபாய் இருபது வருடம் போடுகிறோம், வருடத்துக்கு 12 சதவீதம் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால் சுமார் 50 லட்சம் சேரும். 11 சதவீதம் என்றால் 44 லட்சத்தைத் தொடாது. ஆறு லட்சத்துக்கு மேல் வித்தியாசம். நல்ல ஏஜெண்டு ஒருவர் சந்தை விழும்போது உங்களை விற்க விடாமல் பிடித்து வைப்பார் என்றால் அந்தப் பணம் அவருக்குத் தகும், அதை நான் மறுக்க மாட்டேன். வருடத்துக்கு ஒரு காலண்டர் கொடுப்பதோடு முடிந்துவிடுகிறவருக்கு ஆறு லட்சம் அதிகம்.

சந்தை விழும் என்பதையும் வெறும் வார்த்தையாக வைத்துக்கொள்ளக் கூடாது, எண்ணாகத் தெரிந்திருக்க வேண்டும். 2008 ஜனவரியில் சென்செக்ஸ் 21,000-த்தைத் தொட்டது. அக்டோபரில் 8,000-த்துக்குக் கீழே போய் வந்தது. 2020 ஜனவரியில் நிஃப்டி 12,400-க்கு மேல், மார்ச் 24-ல் 7,500 பக்கம். உங்களிடம் பத்து லட்சம் பங்கில் இருந்தால் அது ஆறு லட்சமாகவோ நாலு லட்சமாகவோ தெரிகிற ஒரு காலம் வரும். அந்தச் சமயத்தில் மகள் கல்யாணத்துக்கோ காலேஜ் ஃபீஸுக்கோ அந்தப் பணத்தைத் தொட வேண்டி வந்தால் நஷ்டம் நிஜமாகிவிடும். ஐந்து வருடத்துக்குள் தேவைப்படுகிற பணத்தை நான் பங்கில் போடுவதே இல்லை. அது வங்கி வைப்பில் இருக்கும். ஒரு வங்கியில் 5 லட்சம் வரைதான் இன்ஷூரன்ஸ் என்பதால் இரண்டு வங்கியில் பிரித்து வைத்திருக்கிறேன். அதில் ஒன்றின் கிளை கடற்கரையிலிருந்து தள்ளி இருக்கிறது. புயலுக்கு அடுத்த நாள் ஏ.டி.எம். வேலை செய்யாமல் கையில் காசில்லாமல் நின்றவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

பி.பி.எஃப். என்ற அரசின் நீண்டகாலச் சேமிப்புத் திட்டம்தான் என் போர்ட்ஃபோலியோவின் அடித்தளம். 2020 ஏப்ரலிலிருந்து 7.1 சதவீதம், வரி இல்லை. நகை எங்கள் வீட்டில் போதுமான அளவு இருக்கிறது. இந்தப் பக்கத்தில் எல்லா வீட்டிலும் ஏதாவது இருக்கும். அவசரத்துக்கு அடகு வைக்க அதைவிட வேகமான சொத்து இல்லை. அதனால் கோல்டு ஃபண்டு தனியாக வாங்கவில்லை. பதிவு செய்த சீட்டில், அதை நடத்துகிற ஃபோர்மேனின் கமிஷனுக்குச் சட்டப்படி வரம்பு உண்டு, ஏதாவது நடந்தால் பதிவாளரிடம் போகலாம். ஊர்ச் சீட்டில் அது இல்லை. அம்மாவுக்காக ஒரு சின்னச் சீட்டு மட்டும் இன்னும் ஓடுகிறது.

பங்கின் பிற்கால விலையை வைத்து ஒப்பந்தம் போடுகிற ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் பற்றிக் கேட்கிற தம்பிமார்களுக்கு செபியின் அறிக்கை ஒன்றே போதும். 2024 செப்டம்பரில் வெளியிட்டது. மூன்று நிதியாண்டுகளில் அதில் வியாபாரம் செய்த தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம், மொத்தம் 1.8 லட்சம் கோடிக்கு மேல். டெலிகிராமில் யாரோ காட்டுகிற லாபத்தின் ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்து இரவல் பணத்தோடு இறங்காதீர்கள், தயவுசெய்து.

என் ஒதுக்கீட்டையும் சொல்லிவிடுகிறேன், மறைக்க ஒன்றுமில்லை. மாதச் சேமிப்பில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு பி.பி.எஃப்.க்கும் வங்கிக்கும் போகிறது. மீதியில் பாதி நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்டு. கால்வாசி, அந்த ஐம்பதுக்கு அடுத்த ஐம்பது நிறுவனங்களான நிஃப்டி நெக்ஸ்ட் 50. அது மேலும் கீழும் அதிகமாக ஆடும், எனக்குப் பரவாயில்லை. எஞ்சிய கால்வாசியில் நானே படித்துத் தேர்ந்தெடுத்த சில பங்குகள். அவற்றில் கடலூர் மாவட்டத்தில் தொழிற்சாலை இருக்கிற நிறுவனம் ஒன்றுகூட இல்லை, முந்திரி சார்ந்த எதுவும் இல்லை. இங்கே நல்ல நிறுவனங்கள் இல்லாததால் இப்படிச் செய்யவில்லை. என் வீடு, என் வேலை, அம்மாவின் தோப்பு என்று இந்த மண்ணில் நான் போட வேண்டியதை ஏற்கெனவே போட்டுவிட்டேன்.

வருடத்துக்கு ஒரு முறை, ஏப்ரலில், இதையெல்லாம் ஒரே தாளில் எழுதுகிறோம், நானும் மனைவியும் சேர்ந்து. சம்பளம் எங்கிருந்து, வீடு, தோப்பு, நகை எத்தனை பவுன், சீட்டு, பி.பி.எஃப்., பங்கு, ஃபண்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே அது எதை நம்பி நிற்கிறது, நாமினி யார். டிமேட்டிலும் ஃபண்டிலும் இருப்பதெல்லாம் ஒரே ஸ்டேட்மெண்டாக மெயிலில் வருவதால் அந்தப் பகுதி சுலபம். நாமினி வரிசையைச் சேர்த்தது மனைவி சொல்லித்தான். முதுநகரில் இருக்கிற பெரியம்மா வீட்டில் நடந்தது அவளை மிகவும் பாதித்திருந்தது.

பெரியப்பா எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வாங்கிய பங்குப் பத்திரங்கள் இரும்பு பீரோவில் இருந்தன. அவர் போன பிறகுதான் பெரியம்மாவுக்கே தெரிந்தது. காகிதப் பத்திரத்தை 2019 ஏப்ரல் 1-க்குப் பிறகு விற்கவோ பெயர் மாற்றிக் கொடுக்கவோ முடியாது. வாரிசு பெயருக்கு மாற்றலாம், டிமேட்டில்தான் வரும். அதில் இரண்டு நிறுவனங்கள் வேறு நிறுவனத்தோடு இணைந்துவிட்டன. இன்னொன்றில் ஏழு வருடம் தொடர்ந்து டிவிடெண்டு வாங்காததால் பங்கே அரசின் முதலீட்டாளர் பாதுகாப்பு நிதிக்குப் போய்விட்டது, அதை மீட்க ஐ.இ.பி.எஃப்.-5 என்ற படிவம் போட வேண்டும். நாமினி எதிலும் இல்லை. ஃபண்டு ஏதாவது மறந்து போயிருக்கிறதா என்று செபி கொண்டுவந்த மித்ரா தளத்தில் தேடினோம், பெரியப்பா பெயரில் ஒன்றும் இல்லை.

வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பித்திருக்கிறோம். வந்ததும் பெரியம்மா பெயரில் டிமேட் கணக்கு திறந்து, முதல் இரண்டு பத்திரங்களை அனுப்ப வேண்டும். என்ன வாங்குவது, எதை விற்பது என்ற பேச்சு அவரைப் பொறுத்தவரை அதற்குப் பிறகுதான்.